சுக்குவுக்குத் தெரிந்த இரண்டு சொல்

பூங்கொடி 'போதும்' என்று இன்னும் சொல்லவில்லை. அதற்குள் சுக்கு தோண்டுவதை நிறுத்திவிட்டது.

நடந்தது அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பனி விலகி அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூலையில் கிடந்த பழைய மணலில் முன்னங்கால் இரண்டையும் விட்டு வாரி வாரிப் பின்னால் எறிந்துகொண்டிருந்த நாய், யாரோ கூப்பிட்டதுபோல் நின்றது. பிறகு ஒழுங்காகப் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து, பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும்போது செய்வதுபோலவே வாலால் தரையைக் கூட்டியது. பிஸ்கட் இருந்தது பூங்கொடியின் கையில். சுக்கு பார்த்தது அவளை அல்ல. அவள் தலைக்கு மேலே, கட்டி முடியாமல் நிற்கும் மாடியை.

"ஏ சுக்கு, இங்க பாரு. அங்க யாருட்ட பிஸ்கட் கேக்குற?"

அவளும் திரும்பிப் பார்த்தாள். எழும்பி நின்ற தூண்கள், அவற்றின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த துருக்கம்பிகள், சிமெண்ட் மூட்டைகளைப் போர்த்திய நீலத் தார்ப்பாய், சாலையைப் பார்த்து முன் தூணில் கட்டிய திருஷ்டி பொம்மை. வேறு ஒன்றும் இல்லை. பாகலூர்ப் பக்கமிருந்து வந்த குளிர்காற்றில் தார்ப்பாய் படபடத்தது. அதைத்தான் பார்த்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிஸ்கட்டை நீட்டினாள். சுக்கு இன்னொரு தரம் மேலே பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தது. அந்த இன்னொரு தரம்தான் அவளை உறுத்தியது.

சுக்கு காசு கொடுத்து வாங்கிய நாய் இல்லை. சுக்கு நிறத்தில், சுக்கு மாதிரியே கோணலும் மாணலுமாக, ஒரு மழை நாளில் அவள் புருஷன் ஜெகதீஷின் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவன் பின்னாலேயே வந்து வீட்டுக்குள் நுழைந்து படுத்துக்கொண்டது. பேர் வைத்தவள் பூங்கொடி. நல்ல குணம், கடிக்காது, திருடாது. ஒரே ஒரு வியாதி, தோண்டும். எதிர்வீட்டுச் சென்னம்மாவின் ரோஜாத் தொட்டி, பைப் புதைத்து மூடிய பள்ளம், மாடி கட்ட வந்து இறங்கிய மணல், எதையும் விட்டுவைக்காது. வீட்டுக்காரர் ஆனந்தராஜ் ஓசூர் டவுனில் இருந்து வாரம் ஒரு முறை வந்து வேலையைப் பார்ப்பவர். கலைந்த மணலைப் பார்த்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "நாய வெச்சுக்குங்க, வேணான்னு சொல்லல. இன்னொரு வாட்டி இப்டி பண்ணுச்சுன்னா நாயோ வீடோ, ஏதாச்சும் ஒண்ண விட்ருங்க."

அன்றைக்குத்தான் பூங்கொடி போனில் ஒரு வீடியோ பார்த்தாள். தோண்டுகிற நாயைத் தடுத்தால் நிற்காதாம். தோண்டு என்று நாமே சொல்லிப் பழக்க வேண்டுமாம். பழகிவிட்டால் நாம் சொல்லும்போது மட்டும்தான் தோண்டுமாம். கேட்கும்போது வேடிக்கையாக இருந்தது. வேறு வழியும் இல்லை. மூலையில் மிச்சம் கிடந்த மணலில் ஒரு கருவாட்டுத் துண்டை விரலளவு ஆழத்தில் புதைத்தாள். சுக்குவின் கால் மண்ணில் பட்ட அதே நொடியில் 'தோண்டு' என்றாள். கருவாடு கிடைத்ததும் மூக்குக்கு நேரே பிஸ்கட்டை நீட்டிப் 'போதும்' என்றாள். மறுநாள் இரண்டு விரல் ஆழம். அதற்கு மறுநாள் ஒரு சாண். பத்தாம் நாள் கருவாடே இல்லாமல் வெறும் சொல். மூன்று வாரத்தில் சுக்கு தேறிவிட்டது. 'தோண்டு' என்றால் புயல் மாதிரி தோண்டும். 'போதும்' என்றால், கருவாடு மூக்கில் இடித்துக்கொண்டிருந்தாலும் காலை எடுத்துவிடும். ஜெகதீஷ்கூட நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறதே என்று குறைப்பட்டான். அவளுடைய குரலுக்கு மட்டும்தான் அது கட்டுப்பட்டது.

இதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. சாத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதம். ஜெகதீஷ் விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறினால், ஓவர்டைம் முடித்துத் திரும்ப ஆறு மணி ஆகும். கல் நட்டுப் பிரித்த நாற்பது மனையில் கட்டியிருந்தது நான்கு வீடு. அதில் ஆள் இருந்தது இரண்டில். கீரைக்காரி கன்னடத்தில் கூவுவாள், சென்னம்மா தெலுங்கில் பேரம் பேசுவாள், பூங்கொடி கீரைக்கட்டைக் கையால் காட்டுவாள். நாள் முழுக்க அவள் வாயைத் திறந்து பேசியது நாயோடுதான். பல நாள், அந்த இரண்டு சொல்தான்.

அந்தத் திருஷ்டி பொம்மை வந்தது போன வெள்ளிக்கிழமை. மேஸ்திரியும் ஆட்களும் சிங்காரப்பேட்டைக்காரர்கள். ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் வைக்கோலைச் சுருட்டி, பானைக்குக் கரியால் கண்ணும் பல்லும் எழுதி, "அக்கா, பழைய துணி ஏதாச்சும் குடுங்க" என்று படியடியில் வந்து நின்றார்கள். ஜெகதீஷின் சட்டையெல்லாம் கம்பெனி யூனிஃபார்ம். லுங்கி இருந்ததே இரண்டு. அன்று காலையில் கழற்றிப் போட்ட ரோஸ் நைட்டி ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது, கழுத்தில் கிழிந்தது. தண்ணீர் லாரி வர இன்னும் ஒரு நாள் இருந்தது, சம்ப் தொட்டியில் முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. வைக்கோல் பொம்மைக்குத் துவைத்தா கொடுக்க வேண்டும் என்று அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மணல் பறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் சுக்கு தோண்டிக்கொண்டிருந்தது, ஆவேசமாக, அவள் சொல்லும்போது மட்டும் தோண்டுகிற அந்தத் தோண்டல். அவள் வாயைத் திறப்பதற்குள் நின்றது. உட்கார்ந்தது. மாடிப் படியைப் பார்த்து வாலை ஆட்டியது. பூங்கொடி கையில் துணியோடு அப்படியே நின்றாள். படிக்கட்டின் மேல்பக்கமிருந்து, வெற்றுச் சுவர்களில் பட்டு வருகிற மாதிரி, மெதுவாக யாரோ பேசுவது கேட்டது. "ம்ம்… சரிங்க… வச்சிருதேன்." கொஞ்சம் விட்டு, இன்னும் திருத்தமாக, "சரிங்க. வச்சிருதேன்." அவள் ஜெகதீஷோடு போனில் பேசி முடிக்கும்போது சொல்லும் வார்த்தை. அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை. காலி வீட்டில் எதிரொலி இருக்கும்தான். அரைமணி கழித்து வருகிற எதிரொலியை அவள் எங்கும் கேட்டதில்லை. கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். ஜெகதீஷ் வந்ததும் சொல்ல நினைத்தாள். அவன் களைத்து வந்து சாப்பிட்ட கையோடு தூங்கிப்போனான்.

புதன்கிழமை காலை சென்னம்மா கேட்டில் வந்து நின்றாள். ரோஜா பண்ணையில் பூ வெட்டப் போகிறவள். வேன் வருவதற்குள் ரெண்டு வார்த்தை பேசாவிட்டால் அவளுக்கு அன்றைக்குப் பொழுது போகாது.

"ஏம்மே பூங்கொடி, எம்மேல ஏதாச்சும் கோவமா? நேத்து லீவு போட்டு வூட்லதான் இருந்தேன். மத்தியானம் அந்தக் கூப்பாடு கூப்டறேன், திரும்பியே பாக்க மாட்டேன்னு இருந்தே."

"எப்பக்கா? நான் வெளியவே வரலியே."

"மாடில நின்னுக்கினு நாய்க்குப் பாடம் சொல்லிக்கினு இருந்தியே. தோண்டு, போதும், தோண்டு, போதும்னு. உன் கொரலு எனக்குத் தெரியாதா? அந்த ரோஸ் நைட்டிதான் போட்டுக்கினு இருந்தே."

பூங்கொடி மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த நைட்டி எங்கிட்ட இல்லக்கா. பொம்மைக்குக் கட்டக் குடுத்துட்டேன்."

சென்னம்மா மாடியைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருப்பது தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள், "தண்ணில முக்கி எடுத்துத்தான குடுத்தே?"

"தண்ணி எங்கக்கா இருந்துச்சு அன்னைக்கு?"

"அய்யோ தேவுடா! உடம்பு வேர்வையோடவா குடுத்தே? அதுக்குப் பொம்பளத் துணியே கட்ட மாட்டாங்கோ எங்கள்ல. ஆம்பளத் துணியா இருந்தாலும் முக்கிப் புழிஞ்சு, மூணு வெயில்ல காய வெச்சு, மனுசவாசம் போனப்புறந்தான் கட்றது. நாய்க்கு அந்த வாசந்தான மனுசி? அது என்னாத்தக் கண்டுச்சு பாவம்." சாலைத் திருப்பத்தில் பண்ணை வேன் ஹாரன் அடித்தது. சென்னம்மா ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே திரும்பினாள். "பொழுது சாயறதுக்குள்ள அவுத்துத் தண்ணில முக்கிரு. தனியா மேல போவாத. உன் வூட்டுக்காரன் வரட்டும். எங்கூட்லயும் ஒரு கொடந்தான் கெடக்குது, முக்கறதுக்குப் பத்தாது."

தனியாகப் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பதினோரு மணிக்குச் சுக்குவைக் காணவில்லை. கூப்பிட்டாள், வரவில்லை. இரண்டாவது தரம் கூப்பிட்டபோது மேலேயிருந்து வால் தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. டப், டப், டப். சந்தோஷமான சத்தம். அவளுக்கு இந்த ஊரில் இருந்தது அது ஒன்று. அதை மேலே விட்டுவிட்டு அவளால் கீழே உட்கார முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் படியேறினாள்.

சுக்கு பொம்மைக்கு எதிரே ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. சாலையைப் பார்த்துக் கட்டியிருந்த பொம்மை, இப்போது படியைப் பார்த்து இருந்தது. கயிறு அவிழவில்லை, கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது. பூங்கொடி பானை முகத்தைப் பார்க்காமல் குனிந்து சுக்குவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். நிமிரும்போது அவள் புறங்கை நைட்டியின் அக்குளில் உரசியது. அந்த இடம் ஈரமாக இருந்தது. ஈரம் என்றால் பனி ஈரம் இல்லை, வெதுவெதுப்பு. அடுப்படியில் நின்றால் அவளுக்கே வருகிற அந்த வாடை.

நாயை இழுத்துக்கொண்டு எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தாள். ஜெகதீஷுக்கு டீ இடைவேளை.

"ஏங்க, அந்தப் பொம்மைக்கு வேர்க்குதுங்க."

"ஓசூர்ல டிசம்பர்ல வேர்க்குதா? குடுத்துவச்ச பொம்மைதான்." அவன் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

"வெளையாடாதீங்க. எனக்கு பயமா இருக்கு. இப்பவே வாங்க."

அவன் குரல் இறங்கியது. "லைன விட்டு இப்ப வர முடியாதும்மா. ஆறு மணிக்கு வந்து நானே அவுத்துத் தாரேன். அஞ்சு மணிக்குத் தண்ணி லாரி வருதுல்ல, அதுக்குள்ள சம்ப்பக் கழுவி வையி. போன தடவையே சிமெண்ட் சகதியா இருக்குன்னு திட்டிட்டுத்தான் ஊத்துனாரு. இந்தத் தடவை திரும்பிப் போயிட்டாருன்னா இன்னும் நாலு நாளைக்குச் சொட்டுத் தண்ணி கெடையாது. வந்த ஒடனே மொதத் தண்ணியில அந்த நைட்டிய முக்கிப்புடலாம். சரியா?"

"சரிங்க. வச்சிருதேன்." சொன்ன பிறகுதான் மேலே தார்ப்பாய் படபடப்பது நின்றிருப்பதைக் கவனித்தாள். கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அமைதியாக இருந்தது மாடி.

ஆக, தண்ணீர் வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் சம்ப்பைக் கழுவ வேண்டும். மத்தியானம் வரை கதவோரத்தில் சுக்குவை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், மூன்று மணிக்கு எழுந்தாள். வீட்டுக்குள் இருப்பதை விட முற்றத்தில் இருப்பது தேவலை என்று தோன்றியது. கேட்டுக்கு உள்ளே, தரையோடு தரையாக ஐயாயிரம் லிட்டர் சம்ப். ஓர் ஆள் இறங்குகிற அளவு வாய். கனமான இரும்பு மூடி. தூக்குவதற்காக அதன் நடுவில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. மேல் ஓரத்தில் கேட்டுக்கு வெளியே போய்த் திறக்கும் ஒரு பைப். லாரிக்காரர் உள்ளே வராமலே அதில் குழாயைச் சொருகித் தண்ணீர் விட்டுவிடலாம். அதை வைத்ததில் ஆனந்தராஜுக்கு ஏகப் பெருமை.

போனை ஜன்னல் கட்டையில் வைத்தாள். மூடியைத் தூக்கிப் பின்னால் சாய்த்தாள். சுக்குவை வாயருகே உட்காரவைத்து, "இங்கயே இருக்கணும், எங்கயும் போகக் கூடாது" என்று அதன் மூக்கைத் தொட்டுச் சொன்னாள். பிறகு சுவரில் பதித்த இரும்புப் படிகளில் கால்வைத்து இறங்கினாள்.

உள்ளே ஈரச் சிமெண்டும் பாசியும் கலந்த நாற்றம். கணுக்கால் வரை சகதி, பாதத்தைக் கவ்விப் பிடித்தது. தலைக்கு மேல் ஒரு முழத்தில் சதுரமாக வானம், அதன் ஓரத்தில் சுக்குவின் தலை. வாளியில் சகதியை வாரி, படியேறி வெளியே ஊற்றி, திரும்ப இறங்கி வாரினாள். வேலை செய்யச் செய்யப் பயம் கொஞ்சம் தணிந்தது. பைப் வழியாகத் தூரத்துச் சாலையில் லாரிகள் கியர் மாற்றும் சத்தம், அவள் காதுக்குள்ளேயே ஓடுவதுபோல் வந்தது. ஏழாவது வாளியோ எட்டாவதோ. தரை வழவழப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

சுக்குவின் தலையைக் காணோம்.

"சுக்கு?"

வால் சத்தம் கேட்டது. டப், டப். சம்ப்பின் வாயிலிருந்து இரண்டடி தள்ளி.

வானம் குறுகியது. மூடி தடாலென்று விழவில்லை. விரல் நசுங்காமல் இருக்க அவள் எப்படி மெதுவாக இறக்குவாளோ, கடைசியில் ஒரு சின்ன அழுத்தம் கொடுப்பாளோ, அப்படியே இறங்கியது. அழுத்தமும் கொடுத்தது. இருட்டு. நடுவில் மட்டும் இரண்டு விரல் அகல வெளிச்சம்.

"ஏங்க… நீங்களா?" கேட்கும்போதே அது அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். படியேறி இரண்டு கையாலும் தள்ளினாள். மூடி அசையவில்லை. மேலே எடை இருந்தது. ஓர் ஆள் எடை. எடை கொஞ்சம் நகர்ந்தது, கால் மாற்றி நிற்பதுபோல்.

பைப்பில் டிராக்டர் சத்தம் வந்தது. கேட்டுக்கு அருகில் வந்து, உறுமிக்கொண்டே நின்றது.

"அக்கா, ஆனந்தராஜண்ணன் மணலு அனுப்பிச்சாரு. எங்க கொட்டறது?"

பூங்கொடி பைப்பின் வாய்க்குள் முகத்தைத் திணித்துக் கத்தினாள். "அண்ணே! நான் உள்ள இருக்கேன்! சம்ப்புக்குள்ள இருக்கேன்!" இன்ஜின் சத்தம் அதை அப்படியே தின்றுவிட்டது. அதே பைப்பில் பதில் வந்தது. அவளுக்கு வரவில்லை. அவனுக்குப் போனது. சாத்தூர் இழுவையோடு, வெட்கப்படுகிற மாதிரி, தெளிவாக.

"இங்கயே கொட்டிருங்கண்ணே."

"இங்க சம்ப்போட மூடி இருக்குதேக்கா?"

மூடியின் மேல் எடை மறுபடி கால் மாற்றியது. யோசிப்பதுபோல்.

"அதுல தண்ணி விடுறதில்லண்ணே."

மூடியின் மேலிருந்த எடை இறங்கிப் போனது. பூங்கொடி முழுப் பலத்தோடு தள்ளினாள். மூடி ஒரு விரல் அளவு எழும்பியது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. அந்தக் கோட்டில் டிராக்டர் தொட்டி சாய்வது தெரிந்தது.

பிறகு மணல்.

அது விழுந்த சத்தம் வயிற்றில் கேட்டது. மூடி அவள் தலையில் இடித்து உட்கார்ந்தது. ஓட்டை வழியாக மணல் நூல்போல இறங்கி, நின்றது. அந்த இரண்டு விரல் வெளிச்சமும் போனது. டிராக்டர் திரும்பிப் போகும் சத்தம் பைப்பில் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் ஆனது.

கத்தினாள். தொண்டை கிழியும் வரை கத்தினாள். வாளியால் மூடியை இடித்தாள். வாளியின் கைப்பிடி கழன்று வந்தது. சென்னம்மா வர ஆறு மணி. ஜெகதீஷ் வர ஆறு மணி. லாரி வர ஐந்து. மணி என்ன இருக்கும்? நாலா? நாலரையா? அவள் அம்மா பேரைச் சொல்லி அழுதாள். கொஞ்ச நேரம் அப்படியே அழுதாள்.

மேலே, மணலின் மீது, நான்கு கால்கள் நடந்தன.

மூச்சு வாங்கும் சத்தம். முகரும் சத்தம். ஒரு சின்ன முனகல்.

"சுக்கு," என்றாள் பூங்கொடி. அழுகையை விழுங்கினாள். குரலை நேராக்கினாள். மூன்று வாரம் எந்தக் குரலில் சொன்னாளோ, அதே குரலில் சொன்னாள். "சுக்கு. தோண்டு."

சரக், சரக், சரக்.

அவள் வாழ்க்கையில் கேட்ட சத்தங்களிலேயே அழகான சத்தம் அது. "தோண்டு! என் தங்கம், தோண்டு!" மணல் பறந்தது, பக்கத்தில் போய் விழுந்தது, திரும்பச் சரிந்தது, திரும்பப் பறந்தது. சுக்கு மூச்சு வாங்கியது, தும்மியது, விடவில்லை. ஓட்டையிலிருந்து மணல் நூல் மறுபடி இறங்கியது. பிறகு நகம் இரும்பில் கீறியது. பிறகு வெளிச்சம். மாலை வெளிச்சம், மஞ்சளாக, இரண்டு விரல் அகலம். பூங்கொடி விரலை வெளியே நீட்டினாள். ஈர மூக்கு வந்து மோதியது. வெதுவெதுப்பான நாக்கு அவள் விரலை நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது. அவள் சிரித்தாள், வாய்விட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சந்தான். தோண்டு, சுக்கு."

சரக், சரக்.

"போதும்."

கால்கள் நின்றன.

"இல்ல! தோண்டு! சுக்கு, தோண்டு!"

சரக்.

"போதும், சுக்கு." பிஸ்கட் பாக்கெட் பிரியும் சத்தம்.

"தோண்டு!"

"போதும்."

சுக்கு முனகியது. ஓட்டைக்கு மேல் இப்படியும் அப்படியும் நடந்தது. மூக்கை ஓட்டையில் வைத்து முகர்ந்தது. சகதி, இரும்பு, சிமெண்ட். திரும்பிப் போய் அந்தக் குரல் வந்த பக்கம் முகர்ந்தது. திரும்ப வந்தது. அவள் விரலை ஒரு தரம் நக்கியது. அதன்பிறகு வரவில்லை. தூரத்தில் பிஸ்கட் கடிபடும் சத்தம் கேட்டது. அப்புறம் வால். டப், டப், டப்.

ஜன்னல் கட்டையில் போன் அடித்தது. மூன்று தரம் அடித்து நின்றது.

"சொல்லுங்க… ம்ம், கழுவிட்டேன்ங்க… இல்ல, இப்ப பயம் இல்ல. சும்மா தோணிருக்கு… அதெல்லாம் அவுக்க வேணாம், இருந்துட்டுப் போகட்டும்…" ஜெகதீஷ் ஏதோ கேலி செய்திருக்க வேண்டும். ஒரு சிரிப்பு. மூக்கைச் சுருக்கிக்கொண்டு அவள் சிரிக்கிற சிரிப்பு. அவனுக்கு மட்டும் சிரிக்கிற சிரிப்பு. "லாரி வந்துருச்சு. சரிங்க. வச்சிருதேன்."

பைப்பில் கத்தப் பூங்கொடி வாயைக் கொண்டுபோவதற்குள் லாரிக்காரரின் குழாய் அதில் சொருகப்பட்டது. அந்தப் பக்கச் சத்தம் அடைபட்டது.

காற்றுதான் முதலில் வந்தது. அப்புறம் ஒரு கொப்பளிப்பு. அப்புறம் தண்ணீர், சுவரில் மோதி, அவள் முதுகில் மோதி, குளிர்ந்து, கனத்து, நிற்காமல்.

சகதி துடைக்க எடுத்து வந்த துணி, வாளி, கை, எதை வைத்து அடைத்தாலும் தள்ளிவிட்டு வந்தது. முழங்கால். இடுப்பு. கத்தினால் தண்ணீரின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. மார்பு. கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டாள். கழுத்து. முகத்தைத் திருப்பி, உதட்டைக் குவித்து, அந்த இரண்டு விரல் ஓட்டையில் வைத்துக்கொண்டாள். அங்கே காற்று இருந்தது. குளிர்ந்த, மணல் வாடை அடிக்கிற, நல்ல காற்று. உறிஞ்சினாள். இன்னொரு மூச்சு. இப்படியே இருந்துவிட்டால் போதும். லாரியில் தண்ணீர் தீர்ந்துவிடும். ஆறு மணிக்கு அவன் வந்துவிடுவான். இன்னொரு மூச்சு.

மேலே மணலில் யாரோ வந்து மண்டியிட்டார்கள்.

ஓர் உள்ளங்கை மெதுவாக இறங்கி, அவள் உதட்டின் மேல் படிந்து, ஓட்டையை மூடிக்கொண்டது.